ஈறுகளின் நிறம்

லூப்ளின் சந்தையில் சூப்புக்கான காய்களைக்
கட்டாகத்தான் விற்பார்கள்.
இரண்டு கேரட், ஒரு பார்ஸ்லி வேர்,
கால்துண்டு செலரிக் கிழங்கு,
கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு லீக்ஸ்.
எல்லாவற்றையும் ஒரே ரப்பர் வளையம்
இறுக்கிப் பிடித்திருக்கும்.
எது வேண்டும் எது வேண்டாமென்று
யாரும் கேட்பதில்லை.

பிப்ரவரி.
ஹால்ஷ்கா வீட்டைவிட்டுப் போய் நான்காம் மாதம்.
நாய் மட்டும் இருவருக்கும் பொது.
ஞாயிறு முதல் புதன்வரை எனக்கு,
மிச்சம் அவளுக்கு.
வழக்கறிஞர் அதையும் தட்டச்சு செய்திருந்தார்,
துணி துவைக்கும் இயந்திரத்துக்கும்
பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் நடுவில்:
கெஃபிர், ஆண், வெள்ளை, இருபத்திரண்டு கிலோ.

அன்று முதன்முறையாக நானே சூப் வைத்தேன்.
ஆறட்டும் என்று கிண்ணத்தை முக்காலியில் வைத்துவிட்டு
பதிவுத் தபாலுக்குக் கையெழுத்துப் போடப் போனேன்.
திரும்பினால்
கிண்ணம் கழுவி வைத்ததுபோல் மின்னியது.
கெஃபிர் மூக்கில் ஒரு கேரட் துண்டு.

சிரித்தேன்.
எலும்பா, மசாலாவா, வெறும் காய்தானே.
அப்புறம் எங்கோ உறுத்தியது.
அவள் இருந்தபோது குப்பைக்கூடையை
அலமாரிக்குள் பூட்டி வைப்பாள்.
ஏனென்று நான் கேட்டதே இல்லை.

போனில் வணக்கம்கூடச் சொல்லவில்லை அவள்.
"வெங்காயம்?"
"ஒன்று. சின்னது."
"பூண்டு?"
"இல்லை."
"லீக்ஸ்?"
"கட்டில் இருந்தது."
கொஞ்சம் மௌனம்.
"சூப் கட்டி?"
"ஒன்றே ஒன்று."
"அதிலும் வெங்காயப் பொடிதான். உப்பு வேறு."
"வெந்துவிட்டதே, இன்னுமா..."
"வேகவைத்தால் போய்விடும் குணமா அது?
டாக்ஸி பிடி. மணி பார்த்துக்கொள்."

இரவு மருத்துவமனைக்கு
இரவு உடைமேல் கோட் போட்டு வந்திருந்தாள்.
ஒரு பக்கக் காலுறை மட்டும்.
டாக்டர் ஷிமோன்யுக் ஊசி போட்டார்.
கெஃபிர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு
இரண்டு பேர் காலணிக்கும் நடுவில்
என் சூப்பைத் திருப்பித் தந்தான்.
ஆரஞ்சு நிறச் சதுரங்கள்,
பச்சை நிற வளையங்கள்.
டாக்டர் குனிந்து பார்த்து,
"பொடியாக நறுக்கத் தெரியவில்லை உங்களுக்கு,
நல்லதாகப் போயிற்று" என்றார்.
ஹால்ஷ்கா மூக்கால் சிரித்தாள்.
அந்தச் சிரிப்பு எந்தப் பட்டியலிலும் இல்லை.

உடனே தெரியாதாம்.
ரத்தத்தின் சிவப்பணுக்களை
நாள் கடந்துதான் அது உடைக்குமாம்.
ஈறு வெளிறுகிறதா,
சிறுநீர் கறுக்கிறதா,
ஐந்தாறு நாள் பார்க்கவேண்டும்.
அலைக்கழிக்கவும் கூடாது.

அதனால் புதன் வந்தும் நாய் நகரவில்லை.
தினம் காலை ஏழு மணிக்கு அவள்தான் வந்தாள்.
வாசலிலேயே மண்டியிட்டு,
கட்டைவிரலால் உதட்டை மேலே தூக்கி,
அழுத்தி, விட்டு,
நிறம் திரும்பி வருவதைக் கவனிப்பாள்.
நான் விளக்கைப் பிடித்திருப்பேன்.
காபி வேண்டுமா என்று
இரண்டாம் நாள் கேட்டேன்.
நான்காம் நாள் குடித்தாள், நின்றபடி.

ஏழாம் நாள் வரவில்லை.
வரவேண்டிய அவசியமும் இல்லை.

சந்தையில் ஒரு கட்டு வாங்கினேன்.
வளையத்தைக் கழற்றி
லீக்ஸை மட்டும் தனியே வைத்தேன்.
கேரட், கிழங்கு, ஒரு கீற்றுப் பூசணி, தண்ணீர்.
உப்பில்லை.
அவனுக்கு ஒரு கரண்டி, ஆறவைத்து.
மிச்சத்தை நானே குடித்தேன்.
மருத்துவமனைத் தாழ்வாரத்தைக்
குடிப்பதுபோல் இருந்தது.

இரவு அவளிடமிருந்து ஒற்றைச் சொல்:
"நிறம்?"
ஒரு கையில் உதடு, ஒரு கையில் போன்,
எப்படியோ படமெடுத்து அனுப்பினேன்.
பதில் வர நேரமாயிற்று.

"நாக்குதான் தெரிகிறது.
திரும்ப எடு."